வழியின் பிள்ளைகள்

2018 ஜூலை 29. தஜிகிஸ்தானின் தன்காரா வட்டாரத்தில், தலைநகர் துஷான்பேயை நோக்கி ஏழு பேர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். பாமிர் மலைச்சாலையின் கடினமான ஏற்றங்கள் முடிந்துவிட்டிருந்தன. ஒரு கார் அவர்களைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, வேண்டுமென்றே மோதியது. அதிலிருந்து இறங்கியவர்கள் கையில் கத்தி இருந்தது. அமெரிக்கர் இருவர், டச்சுக்காரர் ஒருவர், சுவிஸ் நாட்டவர் ஒருவர் என நான்கு பேர் இறந்தார்கள். ஐ.எஸ். அமைப்பு பொறுப்பேற்றது.

இறந்த அமெரிக்கர்கள் இருவரும் காதலர்கள். இருவருக்கும் வயது 29. வேலையை விட்டுவிட்டு 2017 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் மிதிக்கத் தொடங்கியவர்கள். கஜகஸ்தானில் வண்டியை நிறுத்தி இறங்கிய ஒருவர், நலம் விசாரித்து இருவர் கையிலும் ஐஸ்கிரீமைக் கொடுத்துவிட்டுப் போனார். கிர்கிஸ்தானில் ஒரு கணவாயின் உச்சியில் இரண்டு சிறுமிகள் பூங்கொத்தோடு எதிர்கொண்டார்கள். ஒரு புல்வெளியில் இவர்கள் கூடாரம் அடித்திருக்க, ஒரு குடும்பமே தந்தி வாத்தியங்களோடு வந்து வாசித்தது. பயணத்தின் நடுவே அந்த இளைஞர், தீமை என்பதே நாமாகக் கட்டிக்கொண்ட கற்பனை, மனிதர்கள் பெரும்பாலும் நல்லவர்கள் என்று எழுதினார். சில மாதங்களில் அவர் கொல்லப்பட்டபோது, பலர் அந்த வரிகளையே எடுத்துக் காட்டி எள்ளினார்கள்.

அந்த எள்ளல் மனசை அறுக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு நேர்மையான கேள்வியும் இருக்கிறது. ஐஸ்கிரீம் கொடுத்த கையும் கத்தி எடுத்த கையும் மனிதக் கைதான் என்றால், முகம் தெரியாதவரை நம்புவதற்கு என்ன ஆதாரம்?

சீனத்தில் இந்த வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நடந்திருக்கிறது. கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் எவருக்கும் நெஞ்சு பதறும். பெற்றோரின் தயவுக்காகவோ ஊரார் புகழ்ச்சிக்காகவோ வரும் பதற்றமல்ல அது என்றார் மெய்யியலாளர் மென்சியஸ். நன்மை நமக்குள் முளையாக இருக்கிறது என்பது அவர் கட்சி. மனித இயல்பே கோணல், பயிற்சியால்தான் அதை நிமிர்த்த வேண்டும் என்று அவருக்குப் பின்வந்த சுன்சி மறுத்தார். மென்சியஸ் சொன்ன இன்னொரு உவமை இங்கே அதிகம் பொருந்துகிறது. எருது மலையில் ஒரு காலத்தில் அடர்ந்த மரங்கள் இருந்தன. பக்கத்து நகரத்தார் நாள்தோறும் கோடரியோடு வந்தார்கள். மழைக்குத் துளிர்த்ததை ஆடுமாடுகள் மேய்ந்தன. மொட்டையாய் நிற்கும் மலையைப் பார்ப்பவர்கள், இதில் மரமே முளைத்ததில்லை என்று நினைக்கிறார்கள். தன்காரா சாலையில் காரை விட்டு இறங்கியவர்களும் யாரோ கோடரி போட்ட மலைகள்தாம். அதனால் அவர்கள் செய்த குற்றம் துளியும் குறையாது. மண்ணில் முளையே கிடையாது என்று முடிவுகட்டவும் முடியாது.

அந்தக் காதலர்களுக்கு வெகு முன்பே, முகம் தெரியாதவரை நம்பிச் சைக்கிளில் கிளம்பியவர் ஒருவர் உண்டு. அயர்லாந்தின் லிஸ்மோர் ஊரைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு பழைய சைக்கிளும் ஒரு பழைய நிலவரைபட நூலும் கிடைத்தன. சில நாள் கழித்து ஒரு மேட்டில் ஏறும்போது தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே! நோயுற்ற தாயைப் பல ஆண்டுகள் பராமரித்துவிட்டு, அவர் இறந்த பிறகு, 1963 ஜனவரியில் ஐரோப்பாவே உறைந்து கிடந்த குளிரில் கிளம்பினார். சைக்கிளின் பெயர் ரோஸ். டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரிலிருந்து வந்தது. கியர் பழுதானால் ஆசியச் சாலையில் யார் சரிசெய்வார்கள் என்று அதைக் கழற்றிவிட்டார். பையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது.

அதற்கு வேலையும் வந்தது. யூகோஸ்லாவியாவில் ஓநாய்களைச் சுட்டார். துருக்கியில் இரவில் அறைக்குள் புகுந்தவனை விரட்டக் கூரையை நோக்கிச் சுட்டார். ஆப்கானிஸ்தானில் பேருந்துச் சண்டை ஒன்றில் துப்பாக்கிக் கட்டை பட்டு விலா எலும்புகள் முறிந்தன. அதே ஆப்கானியர்களைத்தான் அவர் எல்லாரையும் விட அதிகம் நேசித்தார். மர்ஃபியின் நம்பிக்கை ஆபத்தை அறியாததல்ல. எத்தனை பேர் நல்லவர், எத்தனை பேர் கெட்டவர் என்று எண்ணிக் கூட்டிப் பார்த்து வந்த விடையும் அல்ல. அடுத்த ஊரில் மறுபடி ஒரு கதவைத் தட்டுவதே அந்த நம்பிக்கை.

கதவைத் தட்டுபவருக்கு இஸ்லாத்தில் ஒரு பெயர் இருக்கிறது: இப்னுஸ் ஸபீல், வழியின் மகன். ஜகாத் என்னும் கட்டாயக் கொடையைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் அவர் செல்வந்தராக இருக்கலாம். இங்கே, இந்தச் சாலையில், கையறு நிலையில் நிற்கிறார் என்பதே போதும். மெய்யியலாளர் கான்ட் 1795-இல் இதையே வேறு பக்கமிருந்து தொட்டார். பூமி உருண்டை, மனிதர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் முடிவில்லாமல் விலகிப் போக இடமில்லை. எனவே வந்த அந்நியர் பகைவராக நடத்தப்படாமலிருப்பது நாம் இடும் பிச்சையல்ல, அவர் உரிமை. தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொல்காப்பியத்தில் ‘விருந்து’ என்றால் புதுமை. செய்யுளின் வனப்புகள் எட்டில் ஒன்று. வீட்டுக்கு வருபவருக்கு அந்தச் சொல்லை வைத்தவர்கள், தெரிந்த உறவினரை மனத்தில் வைத்திருக்க முடியாது.

புதியவருக்குக் கொடுப்பவர் பற்றியே எல்லா மரபும் பேசுகிறது. பெற்றுக்கொள்பவர் பற்றிப் பேச்சு குறைவு. காரில் போகிறவருக்கு யாரும் தண்ணீர் நீட்டுவதில்லை. கண்ணாடிக்குள் அவருக்கு எல்லாம் இருக்கிறது. சைக்கிளில் வருபவருக்கு மூச்சு வாங்குகிறது, உதடு வெடித்திருக்கிறது, இருட்டுவதற்குள் ஓரிடம் வேண்டும். கிணற்றடிக் குழந்தையைப் போல அவர் மற்றவர் கண்ணில் படுகிறார். முளை துளிர்ப்பது அப்போதுதான். தன் தேவையை மறைக்காமல் வந்து நிற்பது, அந்த ஊர்க்காரருக்கு அவர் கொடுக்கும் கொடை. அந்தத் திறந்த நிலையில்தான் கார் வந்து மோதவும் முடியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தவிர்க்கும் வழி எந்த மெய்யியலிலும் இல்லை.

1963 ஜூலையில் மர்ஃபி டெல்லி வந்து சேர்ந்தார். ஆறு மாதம் பிறர் வீட்டு ரொட்டியிலும் தேநீரிலும் வாழ்ந்தவர், அங்கிருந்து தர்மசாலாவுக்குப் போனார். இமயத்தைத் தாண்டி அகதிகளாக வந்த திபெத்தியக் குழந்தைகளின் முகாம் அங்கே இருந்தது. இடநெருக்கடி, சொறிசிரங்கு, வயிற்றுப்போக்கு. அவர் அங்கேயே தங்கி, அந்தக் குழந்தைகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்துகொண்டார்.