முடிஞ்சு வச்ச காசும் பறந்து போன கூரையும்



"அண்ணே, வீடு ஒழுகுது. முருகனுக்குன்னு முடிஞ்சு வச்ச காசை எடுத்து ஓடு மாத்தலாமா? தப்பா?" போன வாரம் ஒரு தம்பி கேட்டான். "அவர் கோவிச்சுக்க மாட்டார்ப்பா, எடுத்துக்கோ"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. இதே கேள்விக்கு எங்க வீட்ல ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு.

2018, கஜா புயல். எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கம். அந்த வருஷம் சூரசம்ஹாரம் நவம்பர் 13. விரதத்தை முடிச்சு, மறுநாள் திருக்கல்யாணம் பார்த்து, அந்த நிறைவு மனசுல இருந்து இறங்கல. 16-ஆம் தேதி விடியக்காலம் காத்து வந்துச்சு. வேதாரண்யம் பக்கம் கரையேறுற புயல் நம்மளை என்ன செய்யும்னு இருந்துட்டோம். விடிஞ்சு பார்த்தா தென்னையும் பலாவும் சாஞ்சு கிடக்கு. கரண்ட் வர பல நாள் ஆச்சு. குடிதண்ணிக்கே ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து போர் ஓட்டினோம்.

காத்து கூரையை அமுக்கி உடைக்கும்னுதான் நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. மேல வேகமா போற காத்து கூரையை உறிஞ்சித் தூக்குது. எங்களது ஓட்டு வீடு. ஓடு ஒண்ணொண்ணா கழண்டு பாதிக் கூரை தப்பிச்சது. பக்கத்து வீட்டு அத்தைக்கு சிமெண்ட் சீட்டு. போல்ட்டைப் பிய்ச்சுக்கிட்டு மொத்தமா போயிருச்சு. தனி மனுஷி. நிவாரணம் வர்றப்ப வரும், மழை காத்திருக்குமா? நாலஞ்சு நாள்ல மறுபடி பிடிச்சது.

எங்க அப்பத்தாகிட்ட மஞ்சத் துணியில 7,000 ரூபா இருந்துச்சு. அப்பா மஞ்சக்காமாலையில கிடந்தப்ப, பிழைச்சு எழுந்தா விராலிமலையில அன்னதானம் போடுறேன்னு நேந்து சேர்த்தது. அதை எடுத்து அத்தை வீட்டுக்கு சீட்டு வாங்கப் போறேன்னு கிளம்பிட்டாங்க.

அப்பா விடல. "என் உயிருக்கு நேந்த காசும்மா. கஷ்டம் வந்தா மாத்திக்கலாம்னா அதுக்குப் பேரு நேர்த்தியா?"

நான் அப்ப காலேஜ். பெரிய ஞானி மாதிரி நடுவுல புகுந்தேன். "அத்தைக்கு செஞ்சா முருகனுக்கே செஞ்ச மாதிரிதான்ப்பா. நேர்த்தி முடிஞ்சுது."

அப்பத்தா என்னைத்தான் முறைச்சாங்க. "கூரை அவளுக்குப் போடுறது. சாமி கடன் சாமிக்கு இருக்கு. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைக் கழிக்காதடா."

அன்னைக்கு எனக்குப் புரியல. அப்பா சொன்னதுல பாதி சரின்னு இப்ப தோணுது. வாக்கை வசதிப்படி திருப்பிக்கலாம்னா அது வாக்கே இல்ல. ஆனா அவர் சொன்னபடி நடந்தா அத்தை மழையில நனையணும். நான் சொன்னது அதைவிட மோசம். அத்தைக்கு உதவுற மாதிரி உதவி, அதுலயே என் குடும்பக் கணக்கையும் தீர்த்துக்கப் பார்த்தேன். அப்படின்னா அந்தக் கூரை யாருக்கு?

விராலிமலை சுருட்டுக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்திச் சொல்வாங்க. மழையிலயும் வெள்ளத்துலயும் மாட்டின பக்தருக்கு யாரோ ஒரு ஆள் துணைக்கு வந்து கரை சேர்த்தார், கோயிலுக்குப் போனப்பதான் வந்தது முருகன்னு தெரிஞ்சுதுன்னு. இன்னைக்கும் அங்க சுருட்டு படைக்கிறோம். அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது, முருகன் தன் பேரைச் சொல்லாமலே வேலையை முடிச்சுட்டுப் போனது.

சீட்டு வந்துச்சு. அத்தை வீடு மூடியாச்சு. எங்க வீட்டுப் பாதிக் கூரைக்கு தார்ப்பாய்தான், பொங்கல் வரைக்கும். "நம்ம வீட்டுக்கும் அதுல கொஞ்சம் எடுத்திருக்கலாமே"ன்னு அம்மா கேட்டாங்க. "நமக்குன்னு எடுத்தா எது தேவை, எது ஆசைன்னு பிரிக்கத் தெரியாது"ன்னு அப்பத்தா முடிச்சுட்டாங்க. இதுல மட்டும் நான் அவங்களோட முழுசா ஒத்துப்போகல. வீட்ல கைக்குழந்தை இருந்து அதுமேல சொட்டுனா, அது யார் வீடுன்னு பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.

அப்பத்தாவுக்கு முதியோர் பென்ஷன் அப்ப மாசம் 1,000 ரூபா. 2019 தையில இருந்து மாசம் 300 அதே மஞ்சத் துணிக்குப் போச்சு. வெத்தலை பாக்கைக் கூட குறைச்சாங்க. அப்பா தர்றேன்னு சொல்லியும் வாங்கல. நடுவுல கொரோனா வேற. ரெண்டு வருஷம் கழிச்சு, 2021-ல, தைப்பூசக் கூட்டம் ஓஞ்சப்புறம் போய் சோத்துப் பொட்டலம் கொடுத்தோம். முட்டி வலியோட 207 படியும் ஏறினாங்க. மேல நின்னு என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு கேட்டேன். "லேட்டாயிருச்சுன்னு சொன்னேன்"னாங்க.

தம்பிக்கு நேத்து போன் பண்ணேன். அவன் பொண்ணுக்கு எட்டு மாசம். காசை எடுக்கச் சொன்னேன். எவ்வளவு எடுத்தோம்னு தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி சாமி படத்துக்குப் பின்னாடி வைக்கச் சொன்னேன். அப்படியே, ஓடு மாத்துறப்ப கைமரத்தை வளையோட சேர்த்து கம்பி போட்டு நல்லா முறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கேன். ஐப்பசிக்கு முன்னாடி முடிச்சுருவான்.