வழியில் விட்டுச் செல்லும் கவிதை

தாம் எழுதிய கவிதைகளைத் திருமானூர்ப் பேருந்து நிறுத்தத்து இருக்கையிலும் தேநீர்க் கடைப் பலகையிலும் பெயர் குறியாது விட்டு வரலாமா, முன்பின் அறியாதார் எடுத்துப் படிப்பரன்றோ என்று நம்மிடம் பாடம் கேட்கும் இளைஞர் ஒருவர் வினவினார். கேளாதவர் கையில் ஒரு சொல்லைத் தருவது ஈகையா, திணிப்பா? இதுவே அவ்வினாவின் உள்ளீடு.

பொதுவிடத்தில் கவிதை வைப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. அரியலூரிலிருந்து திருமானூர் வந்து, கொள்ளிடம் கடந்து தஞ்சை செல்லும் வழியில் ஓடுவன போன்ற அரசுப் பேருந்துகளில் திருக்குறள் எழுதப் பெறுவது நெடுங்கால வழக்கம். ஆயின் அது அரசு மாட்டிய பலகை. பயணி படிக்காதிருக்கலாம், கழற்றி எறிய இயலாது. அரபகத்தின் முஅல்லகாத் கவிதைகள் கஅபாவில் தொங்கவிடப் பெற்றன என்பர். ஹிஜ்ரி 338இல் மறைந்த அபூ ஜஅபர் அந்நஹ்ஹாஸ் அச்செய்தியை அன்றே மறுத்துவிட்டார். உண்மையே ஆயினும் அது குலப் பெருமையின் கொடியாகுமேயன்றி, வழிப்போக்கனுக்கு வைத்த தண்ணீர்ப் பந்தலாகாது.

இருக்கையில் கிடக்கும் தாளின் நிலை வேறு. பிக்ஹு நூல்களில் 'லுகத்தா' எனும் கண்டெடுத்த பொருள் பற்றித் தனிப் பாடமே உண்டு. மதிப்புடைய பொருளாயின் ஓராண்டு வரை அறிவித்து உரியவரைத் தேடவேண்டும். அற்பப் பொருளுக்கு அத்துணைக் கடுமையில்லை. வழியில் கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அது தருமப் பொருளாயிருக்குமோ என்ற அச்சம் இல்லையேல் உண்டிருப்போம் என்ற கருத்தில் மொழிந்ததை இங்கு ஆதாரம் காட்டுவர். உரியவரே மனமுவந்து உரிமையை விட்ட பொருளோ எடுத்தவருக்கு ஆகுமானது. எனவே கவிதையை விட்டுச் செல்பவர் உண்மையில் எதை விட்டார் என்பதே கேள்வி. தாளை வைத்துவிட்டு, யார் எடுக்கிறார், முகம் மலர்கிறதா என்று தூணுக்குப் பின்னே நின்று பார்ப்பாராயின், அவர் எதையும் விடவில்லை; கூலிக்குக் காத்திருக்கிறார். வலக்கை ஈவதை இடக்கை அறியாதிருத்தல் எவ்வளவு கடினம் என்பதை அத்தூணடியில் அறியலாம்! எடுத்தவர் சுண்டல் மடித்தாலும் வருந்தாத உள்ளம் இருப்பின் அது ஈகை, இல்லையேல் திணிப்பே.

பெயரில்லாமை மட்டும் நற்பண்பாகிவிடுமா? மொட்டைக் கடிதத்திற்குந்தான் பெயரில்லை. ஊரில் குடும்பங்களைப் பிரித்த மொட்டைக் கடிதங்கள் எத்தனை! பிறரைக் குறை கூறும் சொல்லுக்குப் பெயர் வேண்டும். பதில் கேட்பவருக்கு அவ்வுரிமை உண்டு. எவரையும் புண்படுத்தாத சொல்லுக்கே பெயரை மறைக்கும் சலுகை என்பது நம் கருத்து.

பெயரின்றி வாழ்ந்த சொல்லும் உண்டு. 1986இல் இலண்டன் சுரங்க இரயில் பெட்டிகளில், விளம்பரங்களுக்கு நடுவே கவிதைகளை வைக்கும் வழக்கம் தொடங்கியது. பின்னர் அவ்வரிசையில் ஏ. கே. இராமானுசனின் ஆங்கில ஆக்கமாக நம் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டும் இடம் பெற்றது. அதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் அவர் சொன்ன உவமையைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்கிறோம். உறவற்ற இருவர் ஒன்றான வியப்பைப் பாடிய அப்பாட்டை, ஒருவரையொருவர் அறியாத பயணிகள் நின்றபடி படித்தனர்.

கண்டெடுப்பவருக்கும் கடமை உண்டு. பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 227இல் மறைந்த பிஷ்ருல் ஹாபி (ரஹ்) அவர்கள், இறைநாமம் எழுதிய தாள் ஒன்று தெருவில் மிதிபடக் கண்டு எடுத்து, கையிலிருந்த காசுக்கு நறுமணம் வாங்கிப் பூசி, சுவரிடுக்கில் வைத்தார்கள் என்றும், அவர்கள் வாழ்வு திரும்பியது அன்றிலிருந்தே என்றும் நல்லடியார் வரலாறுகள் கூறும். இதனைக் கொண்டு, இறைநாமத்தையோ திருவசனத்தையோ எழுதி இருக்கையில் வைக்கத் துணியலாகாது. எல்லாரும் பிஷ்ருல் ஹாபி அல்லர். தாள் காலடியில் விழும். மனிதர் சொல்லை மனிதருக்கு வைப்பதாயின் வைக்கலாம், கொள்ளிடக் காற்று கொண்டுபோகாதபடி மேலே ஒரு சிறு கல்லுடன்.