தானே நிற்கும் வண்டி

மனிதனுடைய கர்வம் எங்கே குடியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படிப்பிலும் பணத்திலும்தான் இருக்கும் என்று எண்ணுகிறோம். முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், நடுவில் இன்னொன்று மட்டுமே கொள்ளும் இடம். அதற்குள் தன் வண்டியைப் பின்னோக்கி எடுத்து, ஒரே வளைவில் வீதியோரமாகச் சேர்த்து நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறானே ஒருவன், அவன் முகத்தைப் பாருங்கள். பட்டம் வாங்கியவன் முகத்தில்கூட அந்த ஒளி இராது.

எங்கள் புத்தூரில் இந்த வித்தைக்கு மதிப்பு அதிகம். நால்ரோட்டுப் பக்கம் வந்து போனவர்களுக்குக் காரணம் தெரியும். அரசு மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. வயலூர் ரோட்டில் பிஷப் ஹீபர் கல்லூரி இருக்கிறது. குழுமாயி அம்மன் திருவிழா வந்துவிட்டால் ஊரே வீதிக்கு வந்துவிடும். இத்தனைக்கும் வருகிற வண்டிகள் பழைய தெருக்களில்தான் இடம் தேடியாக வேண்டும். இடம் கிடைப்பது ஒரு பாக்கியம் என்றால், கிடைத்த இடத்தில் வண்டியை நுழைப்பது ஒரு சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்தை இப்போது வண்டியே கற்றுக்கொண்டுவிட்டது. 2024 நவம்பரில் சென்னையில் மகிந்திரா நிறுவனத்தார் இரண்டு மின்சாரக் கார்களை அறிமுகப்படுத்தினார்கள். 2025 ஜூனில் டாடா நிறுவனத்தார் ஹாரியர் காரை மின்சார உருவில் கொண்டுவந்தார்கள். இவற்றின் விலை உயர்ந்த வகைகளில் வண்டி தானே தன்னை நிறுத்திக்கொள்ளும் வசதி உண்டு.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வௌவால் இருட்டில் பறக்கிற சங்கதிதான். வண்டியின் முன்னும் பின்னும் பதித்த சிறிய கருவிகள், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலி திரும்புகிற நேரத்தை அளக்கின்றன. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. நூறில் ஒரு விநாடியில் எதிரொலி வந்துவிட்டால், தடை 1.7 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். காலி இடத்தை ஒட்டி மெதுவாகப் போனால் போதும். வண்டி அளந்து பார்த்து, ‘இங்கே நிற்கட்டுமா?’ என்று திரையில் கேட்கும். நாம் சம்மதித்தால் ஸ்டியரிங் தானே சுழலும். மின்சார மோட்டாருக்குக் கிளட்சும் இல்லை, கியர் மாற்றும் தொல்லையும் இல்லை. அதனால் அங்குலம் அங்குலமாக நகர்வது அதற்கு எளிது.

ஆசை மட்டும் பழையது. அமெரிக்காவில் புரூக்ஸ் வாக்கர் என்பவர் 1950களில், காரின் பின்புறம் ஐந்தாவது சக்கரம் ஒன்றை இறக்கி, வண்டியின் வாலைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்திக் காட்டினார். அது வேடிக்கையாகவே நின்றுவிட்டது. 2003ல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தார் தங்கள் பிரியஸ் காரில் தானே ஸ்டியரிங் திருப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 2009ல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன், ஒரு காரைப் பக்கவாட்டில் நிறுத்தக் குறைந்தபட்சம் எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். ஆக, நம் டிரைவர் முகத்தில் மின்னிய அந்தப் பெருமை, கடைசியில் ஒரு வர்க்கமூலக் கணக்குக்குள் அடங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்து எலும்பு தேய்ந்துபோய், தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாமல், கார் ஓட்டுவதையே விட்டிருந்தார். மகன் இந்த மாதிரி வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தான். இப்போது சனிக்கிழமைதோறும் தாமே காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போய் வருகிறார். “ஓட்டுறதுக்கு நான் என்னைக்கும் பயந்ததில்லை சார். நிறுத்துறதுக்குத்தான் பயம்” என்றார். ஒரு மனுஷிக்கு அவளுடைய சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுத்த யந்திரத்தை நான் குறை சொல்லத் தயாராயில்லை.

இன்னொருவர் வாடகைக்குக் கார் ஓட்டிப் பழகி, இப்போது ஒரு வியாபாரியிடம் வேலையில் இருக்கும் டிரைவர். “முப்பது வருஷமாக் கத்துக்கிட்டதை ஒரு பட்டன்ல போட்டுட்டாங்க சார்” என்று சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருந்தது. பிறகு ஒரு விஷயம் சொன்னார். முதலாளி ஒரு நாள் தாமே வண்டியைக் கொண்டுபோய், ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் பொத்தானை அழுத்தி நிறுத்தினாராம். “அளவு அச்சாப் புடிச்சுது சார், ஒரு விரக்கடை பிசகலை. ஆனா அது ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கிட்டு வர்ற சரிவு. வண்டிக்குத் தெரியாது, சரி. ஐயாவும் பார்க்கலை. ஏன் இப்படின்னு கேட்டா, ‘நான் எங்கேப்பா நிறுத்தினேன், வண்டிதானே நின்னுச்சு’ங்கறாரு.”

அந்த வார்த்தை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கையால் நிறுத்துகிறவர்கள் எல்லாரும் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை. வித்தை தெரிந்த கைகளே தினமும் எத்தனையோ வாசல்களை அடைத்து நிறுத்துகின்றன. வித்தை வேறு, விவேகம் வேறு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கையால் நிறுத்தியவன், வீட்டுக்காரர் கேட்டால் தலையைச் சொரிந்தாவது ஆக வேண்டும். ‘நான் நிறுத்தவில்லை’ என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. இப்போது அந்த வழி பிறந்திருக்கிறது.

இதற்கும் நம்மிடம் பழைய பாடம் உண்டு. நெல் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன வண்டிக்காரர், திரும்பும்போது வைக்கோல் மேல் படுத்துத் தூங்கிவிடுவார். மாடுகள் தாமே வீடு வந்து சேரும். ஓட்டுகிறவன் இல்லாமல் ஓடும் வண்டி நமக்குப் புதிதா என்ன? ஆனால் அந்த மாடு வழியில் யாருடைய கொல்லையிலாவது வாய் வைத்தால், பஞ்சாயத்தில் மாட்டையா நிறுத்தினார்கள்? தூங்கினவரைத்தான் கூப்பிட்டார்கள். திருவாரூர்க் கதையிலும் அப்படித்தான். கன்று தானாகத் துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. தேரைக் குற்றம் சொல்லியிருக்கலாம், குதிரையைச் சொல்லியிருக்கலாம், கன்றையே சொல்லியிருக்கலாம். மனுநீதிச் சோழன் தேரில் இருந்த தன் மகனைத்தான் பார்த்தான். அவன் விதித்த தண்டனை நமக்கு அதிகமாகப் படலாம். அவன் பார்த்த திசை தவறு என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

2025 ஆகஸ்டில் அவிநாசியில் ஒரு மின்சாரக் கார் பின்னோக்கி உருண்டதில் ஒருவர் உயிரிழந்தார் என்று செய்தி வந்தது. வெளியில் நின்றபடி வண்டியை நகர்த்தும் வசதிதான் காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். சரிவில் தன் பாரத்தாலேயே உருண்டதாகத்தான் காட்சி தெரிகிறது என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? உயிர் போன வீட்டில் ‘யார் செய்தது?’ என்ற கேள்விக்கு, மனிதர் ஒருவரையும் காட்டாமல் ஒரு யந்திரத்தைச் சுற்றியே வாதம் நடக்கிறதே, அந்தப் புதுமைதான் என்னை உறுத்துகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் நிற்கிற வண்டியின் டிரைவர் ஆசனத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையேல் யந்திரத்தை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆசனத்தில் ஆள் இல்லாமலே நகரும் வண்டியை அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா? சட்டம் மெதுவாகத்தான் வரும். அதுவரை மனச்சாட்சிதான் சட்டத்தின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யந்திரத்தின் கண்ணுக்கும் எல்லை உண்டு. மெல்லிய கம்பியும், தாழ்ந்த கல்லும், ஒலியை விழுங்கும் துணியும் அதற்குத் தப்பிவிடலாம். நாளைக்கு வரும் கருவி இவற்றையும் கண்டுகொள்ளக்கூடும். ஆனால் எவ்வளவு கூர்மையான கருவியும் பதில் சொல்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த இடம் வண்டியைக் கொள்ளுமா? இந்த இடத்தை நாம் கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி. ஒரே சொல் போலத்தான் காதில் விழுகிறது. முன்னதற்கு அளவுகோல் போதும். பின்னதற்கு, அந்த வாசலில் கோலம் போட்டவளையும், மருத்துவமனைச் சரிவில் தள்ளப்படப் போகிற நோயாளியையும், நாளெல்லாம் அங்கே தள்ளுவண்டி போட்டுப் பிழைக்கிறவனையும் நினைத்துப் பார்க்கிற மனம் வேண்டும்.

நிறுத்துகிற சிரமம் நம் கையை விட்டுப் போவதால் நஷ்டமில்லை. கழுத்து வலிக்காமல் சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போகட்டும் எல்லாரும். மிச்சமாகிற அந்த அரை நிமிஷத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதே விஷயம். வண்டி நம்மிடம் சம்மதம் கேட்கும்போது திரையை மட்டும் பார்க்காமல், கண்ணாடியை இறக்கி ஒரு தடவை வீதியையும் பார்த்தால் போதும். அந்தச் சம்மதத்தைக் கொடுத்தது யார் என்று பின்னால் யாராவது கேட்டால், ‘நான்தான்’ என்று சொல்ல நாக்கு கூசக் கூடாது.