ஆராய்ந்து காண்போம்



தொடுதல், சுவைத்தல், முகர்தல், காண்டல், கேட்டல் என உயிர்களின் அறிவை ஒவ்வொன்றாக ஏற்றிச் சொல்லும் தொல்காப்பிய மரபியலின் வரிசையும், நம் ஆகமங்கள் கூறும் வரிசையும் ஒன்றே. ஆயினும் பொறி தருவது அறிவின் முதற்படி மட்டுமே. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி முனிவர் அப்படிகளை நான்காக வகுத்தார். ஏதோ ஒன்று உளது எனப் பற்றுதல் அவக்கிரகம்; அஃது யாதென ஆராய முற்படுதல் ஈஹை; இன்னதே எனத் துணிதல் அவாயம்; துணிந்ததை மறவாது தாங்குதல் தாரணை.

கொல்லிமலைச் செம்மேட்டில் காலை மூடுபனியில் நடப்போர் இதனை எளிதில் உணர்வர். எதிரே ஓர் உருவம் தோன்றும். ஆளோ, மரமோ? அருகணைந்து நோக்கினால், மிளகுக்கொடி படர்ந்த மரம்! நின்று நோக்காதவர் அஞ்சித் திரும்புவர்.

நானும் ஒருகால் அவ்வாறே நின்று நோக்காது பிழை செய்தேன். ஆசிரியப் பணியில் இருந்தபோது, கரும்பலகையில் உள்ளதைத் தவறாகவே எழுதும் சிறுமி ஒருத்தியைக் கண்டேன். கவனமற்றவள் எனத் துணிந்தேன். பலர் முன் கடிந்தேன். கடைசி வரிசையில் அமர்த்தினேன். ஓராண்டுக் காலம் அவ்வெண்ணத்தையே தாங்கினேன். அவளுக்குத் தூரப்பார்வை குறைவு என்பது பின்னரே தெரிந்தது. அவள் கண்ணின் குறையினும் என் அறிவின் குறையே பெரிது. ஈஹை என்னும் படியை நான் மிதிக்கவே இல்லை. சொல்லால் செய்த அந்த இம்சை இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆதலின் அன்பர்களே, பிறரைப் பற்றிக் கண்டதையும் கேட்டதையும் முடிவாகக் கொள்ளுமுன் சற்றே நின்று ஆராய்வோம். அதுவும் அகிம்சையே.