சீசனுக்கு மட்டும்தானா?

இந்த ஜூனில், சாரல் தொடங்கிய ஒரு காலை. தென்காசியில் எங்கள் தெருமுனைக் கடையில் பால் வாங்க நின்றேன். கடைக்காரர் என்னைச் சிறுபிள்ளையிலிருந்து அறிந்தவர். "எப்பம்மா வந்திய?" என்றார். "மூணு மாசமாச்சு அண்ணாச்சி" என்றேன். தூக்குச்சட்டியில் பாலை ஊற்றிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்: "இருப்பியளா, சீசனுக்கு மட்டும்தானா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடேயே இருக்கிறது.

சீசன் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பொருள்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கமும் சாரலைத் தூவும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் விழும். எங்கெங்கிருந்தோ வண்டிகள் வரும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கும், ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிறவருக்கும், பிரானூர் பார்டரில் பரோட்டா போடுகிறவருக்கும் அந்த மூன்று மாத வருமானத்தில்தான் மீதி ஒன்பது மாதமும் ஓட வேண்டும். அதனால் வருகிறவர்கள் மேல் ஊருக்குக் கோபம் கிடையாது. ஆனால் ஒன்று உண்டு. அருவியில் சோப்பும் ஷாம்பும் கூடாது என்று தடை இருக்கிறது; இருந்தும் போடுகிறவர்கள் போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் சிற்றாறாகி தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. குளித்தவர் அதற்குள் தலை துவட்டி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். நுரை, கீழே இருக்கிறவர்களுக்கு.

ஒன்றரை வருடம் நானும் ஐரோப்பாவில் அப்படி ஒரு சீசன்வாசியாக இருந்தேன். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நானும் என் கணவரும் மென்பொருள் துறையில் வேலை செய்கிறோம். கொரோனாவுக்குப் பிறகு எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று ஆனது. தொலைவிலிருந்து வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கென்றே 2022 அக்டோபர் கடைசியில் போர்ச்சுகல் ஒரு விசாவைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு முக்கியமான நிபந்தனை, விண்ணப்பிக்கிறவரின் மாத வருமானம் அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியைப் போல நான்கு மடங்கு இருக்க வேண்டும். 2023-ல் அந்தக் கூலி 760 யூரோ. ஆக, 3,040 யூரோ. எங்களுக்கு இருந்தது. போனோம். லிஸ்பனில் ஒரு வீடு எடுத்தோம். நடுநடுவே ஸ்பெயின், குரோஷியா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மாதக்கணக்கில் இருந்து, மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்தோம். சாயங்காலம் ஆனால் கடற்கரை. பொய் சொல்லக் கூடாது, அது நல்ல வாழ்க்கை. இப்போதும் சில நாள் அதற்காக ஏங்குகிறேன்.

லிஸ்பனில் கீழ்த்தளத்தில் ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். நான் மாடிப்படி ஏறும்போது கதவைத் திறந்து ஏதாவது சொல்வார். என் அரைகுறை போர்ச்சுகீசியத்தில் பாதிதான் புரியும். ஒருநாள் அந்தக் கதவு பூட்டிக் கிடந்தது. அடுத்த மாதம் வெள்ளையடித்தார்கள். அதற்கடுத்த மாதம் அங்கே உருளும் பெட்டிகளோடு ஆட்கள் வந்து போகத் தொடங்கினார்கள். அவர் நகரத்துக்கு வெளியே மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக மளிகைக் கடையில் சொன்னார்கள். அவருடைய ஓய்வூதியம் எங்கள் வாடகையில் பாதிகூட இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. அவரை நாங்கள் துரத்தவில்லை. எந்தத் தாளிலும் நாங்கள் கையெழுத்திடவில்லை. ஆனால் குறைந்தபட்சக் கூலியைப் போல நான்கு மடங்கு சம்பாதிக்கிறவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஓர் ஊருக்குள் விட்டால் வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

2024 ஜூலையில் பார்சலோனாவில் ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனார்கள். உணவகங்களின் வெளி மேசைகளில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். சுமார் 10,000 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமத்தை 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அந்த நகரத்தின் மேயர் அதற்குச் சில நாள் முன்புதான் அறிவித்திருந்தார். லிஸ்பன் வீட்டில் அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வருகிறவர் மேல் தண்ணீர் விழுந்தால் அதற்கு உபசாரம் என்று பொருள். அங்கே அது "போய்விடு" என்று சொல்வதற்கான வழியாகிவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இம்மானுவேல் காண்ட் 1795-ல் நிரந்தர அமைதி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பிறந்த கோனிக்ஸ்பெர்க்கையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டிப் போகாத மனிதர், வந்துபோகிறவர்களின் உரிமையைப் பற்றி அதில் யோசித்திருக்கிறார். பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்கேயாவது ஒருவரையொருவர் சந்தித்தே ஆகவேண்டும். ஆகவே அந்நியர் எவரையும் பகைவராக நடத்தக் கூடாது, வந்து பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறார். ஆனால் வந்து தங்கும் விருந்தாளியின் உரிமை அதிலிருந்து தானாக வந்துவிடாது. அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போய் நாடுகளைப் பிடித்த ஐரோப்பியர்களை மனதில் வைத்துத்தான் அவர் அந்தக் கோட்டைப் போட்டார். எங்களைப் போன்றவர்கள் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். வந்து பார்க்கிறவர்களைவிட நீண்ட காலம் இருந்தோம். இருக்கிறவர்கள் சுமக்கும் எதையும் சுமக்கவில்லை.

எங்கள் அப்பா தலைமுறையிடம் இதைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்கு ஒரு பதில் இருந்தது. பம்பாய்க்குப் போனவரும் துபாய்க்குப் போனவரும் "என்ன செய்ய, வேலை அங்கதான" என்பார்கள். அது உண்மை, அது போதும். எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-ல் அலுவலகம் திறந்தது; அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே குடியேறினார். வயல்களுக்கு நடுவில் இருந்துகொண்டு உலகத்துக்கு வேலை செய்ய முடியும் என்பது இங்கே ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். எங்கே இருக்கிறோம் என்பதை வேலை தீர்மானித்த காலம் எங்கள் அளவில் முடிந்தது. அதனாலேயே அது முழுக்க எங்கள் முடிவு. நம் முடிவு என்றால் அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பிப்ரவரியில் நாங்கள் வலென்சியாவில் இருந்தோம். ஒரு மாலை கடற்கரையில் நடந்துவிட்டு வந்து பார்த்தால், கைபேசியில் எதிர்வீட்டு அக்காவிடமிருந்து நான்கு தவறிய அழைப்புகள். இங்கே இரவு பதினொன்றரை தாண்டியிருந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். தொடை எலும்பு முறிவு. அக்கா கதவைத் தட்டி, பதில் இல்லாமல், தன் மகனைச் சுவரேறிக் குதிக்கச் சொல்லி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் எனக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அறுவைச் சிகிச்சைத் தாளில் உறவினர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. மூன்று இரவு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தாள். டிக்கெட் கிடைத்து நாங்கள் வந்து சேர்ந்தது நான்காம் நாள்.

அங்கிருந்தே பணம் அனுப்பினேன். மறுநாள் அது திரும்பி வந்தது, ஆட்டோவுக்குக் கொடுத்த முந்நூறு ரூபாயை மட்டும் கழித்துக்கொண்டு. "காசு எதுக்குட்டி அனுப்புத? நீ வந்து பாரு" என்றாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் சுதந்திரம் என்று நான் நினைத்திருந்தது, நகராத சிலரின் தோளில் இருந்தது. லிஸ்பனில் அந்த அம்மாவின் கதவு, இங்கே இந்த அக்காவின் மூன்று இரவுகள். இரண்டுக்கும் எங்களிடம் யாரும் ரசீது கேட்கவில்லை. எல்லா ஊரும் நம் ஊர்தான் என்று பாடிய புலவரையே நாம் அறிந்திருப்பது பூங்குன்றம் என்ற அவருடைய ஊரின் பெயரால்தான்.

இத்தோடு கட்டுரையை முடித்தால் "சொந்த ஊருக்குத் திரும்புங்கள்" என்ற வழக்கமான உபதேசமாகிவிடும். என் கணவர் அதற்கு விடமாட்டார்.

அவர் வடமாவட்டம் ஒன்றில், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் பிறந்தவர். "ஊர்ங்கற சொல்லே எங்க தெருவைச் சேர்க்காமதான் இருந்துச்சு. ஊர் வேற, சேரி வேற. ஊர்ப்பத்து, வேர் அதெல்லாம் நீ பேசலாம். எங்க தாத்தாவுக்கு அந்த ஊரை விட்டு ஓடினதுதான் விடுதலை" என்பார். நான் என்ன சொல்ல? அவர் சொல்வது உண்மை. லிஸ்பனில் ஒன்றரை வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வியை, இங்கே வந்த முதல் வாரத்தில், அம்மாவைப் பார்க்க வந்த ஒரு தூரத்து உறவினர் பத்தே நிமிடத்தில் கேட்டார். "தம்பி எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" அதற்கு என்ன பொருள் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா கட்டிலில் படுத்தபடியே, "அவரு என் மருமகன், அது போதும்" என்றாள். அவர் எழுந்து போய் அடுக்களையில் காப்பி போட்டார்.

தங்கியிருப்பது தானாகவே ஓர் அறம் ஆகிவிடாது. தங்கியிருக்கிறவர்கள்தான் தெருக்களைப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் எல்லோரும் ஓடிப்போகிறவர்களும் அல்ல. அப்படியானால் ஓர் ஊர் ஒருவருக்கு எப்போது சொந்தமாகிறது? பிறந்ததால் என்றால் என் கணவருக்கு எந்த ஊரும் இல்லை. பிடித்திருப்பதால் என்றால் லிஸ்பன் எங்களுடையது. ஆனால் அது அந்தக் கீழ்த்தளத்து அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அம்மா கோலூன்றி நடக்கத் தொடங்கியபின் ஒரு மாலை காசி விசுவநாதர் கோவிலுக்குக் கூட்டிப்போனோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் கட்டிய கோவில். அவர் பாடியதாக அங்கே கல்வெட்டில் ஒரு பாடல் உண்டு. பள்ளியில் படிக்கும்போது மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் கருத்து இதுதான்: பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்கு ஏதாவது பழுது வந்தால், யாராக இருந்தாலும், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்களை உலகறிய இப்போதே வணங்குகிறேன். நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம் 1990-ல்தான் மீண்டும் எழுந்தது. அரசர் யாரென்று தெரியாமலே வணங்கிவிட்டுப் போனவர்கள் ஐந்து நூற்றாண்டு கழித்து வந்தார்கள்.

சிறுவயதில் அதில் எனக்கு ராஜாவின் பணிவு மட்டும்தான் தெரிந்தது. இப்போது "யாராக இருந்தாலும்" என்பதில் நின்றுவிட்டேன். இந்த மண்ணில் பிறந்தவர் என்றோ, தன் வம்சத்தவர் என்றோ அவர் சொல்லவில்லை. பழுது வந்தால் வருகிறவர், அவ்வளவுதான். கணவரிடம் சொன்னேன். அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "யாராயிருந்தாலும்னு எழுதும்போது எங்க ஆளுங்களையும் சேர்த்தா எழுதினாரு? உள்ள போகறதுக்கே 1939-ல சட்டம் போட வேண்டியிருந்துச்சு" என்றார்.

பாண்டியர் மனதில் என்ன இருந்ததோ, எனக்குப் பதில் தெரியாது. ஆனால் எழுதிய சொல், எழுதியவரைவிடப் பெரியதாக இருக்கலாம். அந்தச் சொல்லை அதன் முழு அளவுக்கு எடுத்துக்கொண்டால் ஓர் ஊரில் இருப்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இங்கே ஏதாவது உடைந்தால் அது என் தலையில் விழுமா? விழும் என்றால் நான் இங்கே இருக்கிறேன், வந்து ஒரு மாதமே ஆனாலும். விழாது என்றால் ஐம்பது வருடம் இருந்தாலும் சீசனுக்கு வந்தவள்தான். அந்த அளவுகோலில் லிஸ்பனில் நாங்கள் இல்லவே இல்லை. அதைச் செய்திருக்கவும் முடியும். மொழியைப் படித்திருக்கலாம், அந்த அம்மாவின் மகள் எண்ணையாவது வாங்கி வைத்திருக்கலாம். உடைந்தவற்றில் தெருக்களைப் பிரிக்கும் கேள்வியும் ஒன்று. அதைச் சரிசெய்வது என் கணவரின் வேலை அல்ல, என் வேலை. அந்த உறவினருக்கு அன்று அம்மா பதில் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா வந்தாள். மகள் பொறியியல் முடித்திருக்கிறாள். "உங்களை மாதிரி அவளும் வெளிநாடு போணும்னு சொல்லுதா. எப்படிப் போணும்னு பாத்துச் சொல்லுட்டி" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. "அவளும் போயிட்டா உங்களை யாருக்கா பாப்பா?" என்றேன்.

"நீ இருக்கியே" என்றாள்.

மகளுக்கான தாள்களை எல்லாம் கணவர் உட்கார்ந்து தயார் செய்துகொண்டிருக்கிறார். அவள் போக வேண்டும், போவாள். எங்கள் லிஸ்பன் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் கெடுவும் நெருங்கிவிட்டது. இரவில் அதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம், முடிக்காமலே தூங்கிவிடுகிறோம். இருந்தால் அவர் தினமும் எதைத் தாங்கவேண்டும் என்பதும், போனால் அடுத்த முறை யார் சுவரேறிக் குதிப்பது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

பால் வாங்கப் போகும்போதெல்லாம் அண்ணாச்சி திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவர் கேட்பதில்லை. தூக்குச்சட்டியை வாங்கி, ஊற்றி, கணக்கு நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார்.