அட்டையில் கட்டமில்லாத சேதி

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கம் இருக்கும் கடலோரக் கிராமம் சல்லி. வெளியூராருக்கு முத்துமாரியம்மன் கோவிலால் தெரிந்த ஊர். ஊராரில் பலருக்குக் கடல்தான் தொழில். இங்கே ஒரு பெண் கர்ப்பமானால் அவள் பெயரைப் பதிபவர் வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தர், வாய்வழக்கில் மிட்வைஃப். நிறை, பிரஷர் எல்லாவற்றுக்கும் கர்ப்பிணி அட்டையில் கட்டம் உண்டு. "மனுசன் தொழிலுக்குப் போனா இவவைக் கிளினிக்குக் கூட்டிவர ஆளில்லை" என்பதை எழுதத்தான் கட்டமில்லை. பிரஷர் ஏறிவரும் மாதத்தில் உயிரைக் காப்பது அந்தச் சேதியாக இருக்கலாம்.

அது வைத்தியரின் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் இன்றும் நாடு முழுக்க நடக்கிறது. தலைமையில் சுகாதார வைத்திய அதிகாரி. கிணறு, கழிப்பிடம், டெங்கு எல்லாம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடு. வீடுகளுக்குள் போவது மிட்வைஃப். இவர்களுக்கு நடுவில் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி, வாய்வழக்கில் சிஸ்டர். 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு இன்று ஏறக்குறைய 30. மலேரியா ஒழிந்தது, வைத்தியசாலைப் பிரசவம் பெருகியது, மருந்துகள் வந்தன. இந்த வீழ்ச்சிக்கு யாரும் தனியே உரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் வீட்டையும் வைத்தியசாலையையும் இணைத்த இந்த நடுக் கண்ணியைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

மாதாந்தக் கூட்டத்தைப் பாருங்கள். வயதில் இளைய மிட்வைஃப் பின்வரிசையில் இருப்பார். விசயம் முன்னமே சிஸ்டருக்குத் தெரியும்; தானே சொல்லிப் பெயர் வாங்கலாம். நல்ல சிஸ்டர் அப்படிச் செய்வதில்லை. "டொக்டர், சல்லிப் பக்கம் ஒரு விசயம் இருக்கு. பிள்ளை, நீரே சொல்லும்." அவ்வளவுதான். பரிசோதகர் நிமிர்ந்து, மீனவர் சங்கத்தில் பேசி ஓட்டோவுக்கு வழி பண்ணலாம் என்பார். வைத்தியர் நாளைக் குறிப்பார். வைத்தியசாலை விடுதிச் சிஸ்டருக்கு ஒரு அழைப்பு போகும்.

பயிற்சிப் பட்டறைகளில் கூட்டுப்பணியை வட்டமாக வரைந்து காட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சுகாதாரத்துறை படிக்கட்டு, நோயாளியின் வீடு தெரிந்தவர் கீழ்ப்படியில், முடிவெழுதும் பேனா மேற்படியில். கீழ்ப்படியின் சொல்லை அச்சமின்றி மேலே வரச்செய்வதே தாதியத் தலைமையின் உண்மையான அதிகாரம்.

எதற்கெடுத்தாலும் சீறி விழும் சிஸ்டருக்கும் பதிவேடுகள் ஒழுங்காகவே வந்து சேரும். எது வராமல் போனது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.