பெயரற்ற முதல் ஆசிரியர்

மனித உடலைக் கற்பது மனிதனைக் கற்பதாகுமா? இவ்வினா இன்று ஏட்டளவில் நிற்பதன்று. புதுக்கோட்டையில் 2017-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின்னர், இம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் மருத்துவப் படிப்பு கண்ணுக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டது. பிள்ளைக்கு இடம் கிடைத்தால் பெற்றோர் நன்றித் திருப்பலிக்குப் பெயர் கொடுக்க வருகின்றனர். வந்தவர்களுள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "சாமி, செத்த உடம்பை அறுத்துப் படிக்கணுமாமே, அது பாவமில்லையா? பிள்ளை மனசு கல்லாயிடாதா?"

இவை இரண்டு கேள்விகள். முதற்கேள்விக்கு விடை கூறுவது எளிது. இரண்டாவதோ நம் அனைவரையும் சிந்திக்க வைப்பது.

இறந்த உடலை அறுத்து ஆராய்வதைத் திருச்சபை தடை செய்தது என்று பலர் நம்புகின்றனர். 1299-ஆம் ஆண்டு திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் விதித்த தடை கல்வியைப் பற்றியதன்று. தொலைநாட்டில் இறந்த பெருமக்களின் உடலைத் துண்டித்து வேகவைத்து, எலும்புகளை மட்டும் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தையே அவர் கண்டித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தில் மொந்தீனோ என்னும் ஆசிரியர் மாணவர் முன்னிலையில் மனித உடலை அறுத்துக் காட்டிக் கற்பித்தார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், அறிவியல் ஆய்வுக்காக இறந்தோர் உடலைப் பரிசோதிப்பது ஏற்புடையதே என்று தெளிவாகக் கற்பிக்கிறது.

டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் ஸ்டேனோவை இங்கு நினைவுகூர்தல் தகும். பதினேழாம் நூற்றாண்டின் தலைசிறந்த உடற்கூற்று அறிஞருள் ஒருவர் அவர். இதயம் உயிரனலின் இருப்பிடம் என்று கற்றோரும் கருதிய காலத்தில், அதுவும் ஒரு தசையே என்று காட்டினார். 1667-இல் கத்தோலிக்கரானார், 1675-இல் குருவாகவும் 1677-இல் ஆயராகவும் திருநிலை பெற்றார், 1988-இல் அருளாளர் என்று அறிவிக்கப்பட்டார். இதயம் தசை என்று கண்டவர், ஆகவே அன்பு என்பது பொய் என்று முடிவு கட்டவில்லை. அறுவைக்கத்தி காட்டுவது உண்மை. ஆனால் அது காட்டுவது மட்டுமே முழு உண்மை அன்று.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். மனம் கல்லாகிவிடாதா? ஓரளவு உறுதி மருத்துவருக்கு வேண்டியதே. நடுங்கும் கை நோயாளியைக் காப்பாற்றாது. ஆனால் உறுதி வேறு, மரத்துப்போதல் வேறு. வியன்னா பல்கலைக்கழகத்தில் பெர்ன்காஃப் என்னும் பேராசிரியர் உருவாக்கிய உடற்கூற்றுப் படநூல் உலகெங்கும் போற்றப்பட்டது. ஒவ்வொரு நரம்பும் அத்துணை நுட்பமாக அதில் வரையப்பட்டிருந்தது. நாசி ஆட்சியில், 1938-க்கும் 1945-க்கும் இடையே, மரண தண்டனைக்கு ஆளான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்கள் அந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன என்பதைப் பல்கலைக்கழகம் பின்னர் நடத்திய விசாரணை 1998-இல் வெளிக்கொணர்ந்தது. நரம்பை அறிந்த கண்கள் மனிதனை அறியவில்லை. உடலைப் பற்றிய அறிவு தன்னளவில் எவரையும் நல்லவராக்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயின் அதே அறிவு அருளின் கருவியாவதும் உண்டு. அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம்பெற்றவர். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். அங்குப் பயின்ற முதற்பெண் அவர் அல்லர்; 1875-லேயே மேரி ஷார்லீப் முதலிய பெண்கள் அக்கல்லூரியில் நுழைந்திருந்தனர். ஆனால் பிணத்தைத் தொடுவதே தீட்டு எனக் கருதிய சமூகத்திலிருந்து ஓர் இளம்பெண் உடற்கூற்று அறைக்குள் காலெடுத்து வைப்பது எளிய செயலா? 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தின்மீது கத்தி வைத்தது நாடறிந்த செய்தியாயிற்று என்றால், அத்தடையின் வலிமையை நாம் உணரலாம்.

அம்மையாரின் தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் நிலவிய குலத்தில் பிறந்தவர். பிறப்பைக் கொண்டே பெண்ணின் உடல் யாருக்கு உரியது என்று சமூகம் தீர்ப்பளித்த காலம் அது. உடற்கூற்று மேசையோ வேறொன்றைச் சொல்லும். தோலுக்கு அடியில் குலம் இல்லை. நரம்பில் உயர்வு தாழ்வு எழுதப்படவில்லை. இப்பாடம் எல்லா மாணவர்க்கும் ஒன்றே. அதைச் சட்டமன்றம் வரை எடுத்துச் சென்றவர் சிலரே. 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமனம் பெற்ற அம்மையார், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். அதனை முற்றிலும் ஒழிக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. 1930-இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் உள்ளத்தில் ஆறாதிருந்தது. 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையாக அது கனிந்தது.

ஒரே வகைக் கல்வி. வியன்னாவில் ஒரு விளைவு, புதுக்கோட்டை மகளிடம் மற்றொரு விளைவு. வேறுபாடு எங்கே உள்ளது? கற்றதைச் சொத்தாகக் கொண்டாரா, கடனாகக் கொண்டாரா என்பதில்தான் என்று நாம் கருதுகிறோம். சொத்தைத் துய்க்கலாம்; கடனைத் தீர்த்தாக வேண்டும்.

யாருக்குப் பட்ட கடன்? பெற்றோருக்கும் அரசுக்கும் மட்டுமன்று, மேசைமீது கிடந்தவருக்கும்தான். 2019 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், இறந்த உடலை முதல் ஆசிரியராக மதிக்கும்படி மாணவரைப் பயிற்றுகிறது. நன்று. ஆனால் அந்த ஆசிரியர் தாமே விரும்பி வகுப்புக்கு வந்தவரா? 1951-ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோர எவருமற்ற உடல்களைக் கல்லூரிகளுக்குத் தர வழிசெய்தது. உரிமை கோர எவருமற்றவர் யார்? பேருந்து நிலையத்தில் ஒடுங்கிக் கிடந்தவர், வேலை தேடி வந்து வழியில் வீழ்ந்தவர், பிள்ளைகள் இருந்தும் தனித்து விடப்பட்ட முதியவர். வாழ்ந்த நாளில் ஒரு கவளம் சோறிட ஆளில்லாதவரே, இறந்தபின் நம் பிள்ளைகளை மருத்துவராக்குகிறார். இது நம்மை உறுத்த வேண்டாமா?

தாமே மனமுவந்து உடலைக் கொடுப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். எடுக்கப்படுவதற்கும் கொடுக்கப்படுவதற்கும் வேறுபாடு பெரிது. கையளிக்கப்பட்ட உடலை மையமாகக் கொண்டு வழிபடும் நமக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. உடல் தூய ஆவியின் ஆலயம் என்பதால் அதைத் தரலாகாது என்போர் உண்டு. ஆலயம் பிறருக்காகத் திறந்திருப்பதற்கே அன்றோ? உயிர்ப்பின்மீது நாம் கொண்ட நம்பிக்கை எலும்புகளின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று. ஆயினும் உடற்கொடை எவர்மீதும் சுமத்தப்படும் கட்டளையாகிவிடக் கூடாது. குடும்பத்தார் கலந்து பேசி, கற்பித்து முடிந்தபின் எஞ்சியவை மதிப்போடு அடக்கம் செய்யப்படுமா என்பதையும் கேட்டறிந்து, உரிமையோடு எடுக்கும் முடிவாகவே அது அமைய வேண்டும்.

ஆகவே அந்தப் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுவே: பிள்ளையை அச்சமின்றி அனுப்புங்கள். விடுமுறையில் வீடு திரும்பும்போது மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர்கள், "உனக்குக் கற்பித்தவரை எண்ணிப் பார்த்தாயா?" என்றும் கேளுங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் நம்மவர் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறோம். அன்று கல்லறையே இல்லாத அந்த ஆசிரியர்களுக்காகவும் ஒரு திரி ஏற்றுவோம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இறைவனுக்குத் தெரியும்.